வந்ததும் தெரியாது... போனதும் தெரியாது!

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? கரையைச் சுற்றி வாக்கிங் போகிறவர்களின் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "சுகர் எவ்வளவு இருக்கு?" "பி.பி. மாத்திரையை மாத்திட்டாங்களா?" "முட்டி வலிக்கு எந்த டாக்டர்கிட்ட போறீங்க மதினி?" உடம்பைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். ஆனால், அந்தக் கரையில் நடக்கிறவர்களில் பெரும்பாலோர் உடம்புக்குள் வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போகக் கூடிய ஒரு வைரஸ் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை. பெயரைக்கூடப் பலர் கேள்விப்பட்டதில்லை.

அதன் பெயர் ஹெச்.பி.வி. முழுப் பெயர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். உடலுறவு மூலம் பரவும் வைரஸ்களில் மிகச் சாதாரணமானது இதுதான். உடனே, "ஐயையோ, இது நம்ம மாதிரி குடும்பத்துக்கு உள்ளது இல்லை" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அப்படி நினைக்கிற குடும்பங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஹெச்.பி.வி. வேறு, எய்ட்ஸை உண்டாக்கும் ஹெச்.ஐ.வி. வேறு. எழுத்துகள்தான் ஒன்று போல ஒலிக்கின்றன. ஹெச்.ஐ.வி. ரத்தத்தில் கலந்து உடம்பின் எதிர்ப்பு சக்தியையே அழிக்கக் கூடியது. ஹெச்.பி.வி. ரத்தத்துக்குள் போவதில்லை. தோலிலும், உடம்பின் உள்வாய்களில் இருக்கும் மெல்லிய சவ்விலும் தங்குவதோடு சரி.

பிறகு ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் என்கிறீர்களா? கர்ப்பப்பை வாயில் வருகிற புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா சமயத்திலும் இந்த வைரஸ்தான் காரணம். 2022-ஆம் வருடத்தில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாகவும், சுமார் 80,000 பெண்கள் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனைக்கும், முன்கூட்டியே கண்டுபிடித்து வராமலே தடுத்துவிடக் கூடிய புற்றுநோய் இது!

எப்படிப் பரவுகிறது?

ஹெச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கை விரலில் வருகிற மருவுக்குக்கூட இதன் தம்பி, தங்கைகள்தான் காரணம். பிறப்புறுப்புப் பகுதியைப் பிடிப்பவை சுமார் 40 வகை. அவற்றிலும் புற்றுநோய் வரை இழுத்துச் செல்லக் கூடியவை 14 வகை போலத்தான். அதில் 16, 18 என்று எண் கொடுக்கப்பட்ட இரண்டும் பொல்லாதவை. உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு 70-க்கு இந்த இரண்டுதான் காரணம். 1980-களில் இந்த இரண்டையும் புற்றுக் கட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு ட்சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது தோலோடு தோல் உரசுவதால் பரவுகிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சிராய்ப்புகள் வழியாக நுழைகிறது. அதனால் ஆணுறை அபாயத்தைக் குறைக்கும். ஆனால் முழுக்கத் தடுக்காது. உறை மூடாத இடத்துத் தோலிலும் வைரஸ் இருக்கலாம் அல்லவா? ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டுமல்ல, ஆணுக்கும் ஆணுக்கும், பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலும் பரவும்.

ரத்தம் ஏற்றுவதாலோ, கொசுக் கடியாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வராது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் உட்கார்ந்ததால் வந்துவிட்டதோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அது இந்த வைரஸ் பரவுகிற வழக்கமான வழி அல்ல.

ஒரே வைரஸ், ஆளுக்கொரு விதம்!

வண்டியூரில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் பத்துப் பெண்களுக்கு ஹெச்.பி.வி. தொற்று இருக்கிறது. (இது புரிந்துகொள்வதற்காகச் சொல்கிற கற்பனைத் தெரு.) பத்துப் பேருக்கும் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அரிப்புகூட இல்லை. வழக்கம் போலச் சமைக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புகிறார்கள்.

இரண்டு வருடம் போகிறது. பத்தில் ஒன்பது பேர் உடம்பிலிருந்து வைரஸ் விலகிவிடுகிறது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. அவரவர் எதிர்ப்பு சக்தியே அதை அடக்கிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

பத்தாவது பெண்ணுக்கு மட்டும் அது போகாமல் தங்குகிறது. கர்ப்பப்பையின் வாயில் வெளிப்புறச் சவ்வும் உட்புறச் சவ்வும் சந்திக்கிற ஒரு வளையம் உண்டு. அங்கே உள்ள செல்கள் சதா மாறிக்கொண்டே இருக்கும். வைரஸுக்கு அதுதான் வசதியான இடம். ஒரு செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு உடம்பு ஒரு பிரேக் வைத்திருக்கிறது. பொல்லாத வகை வைரஸ், அந்த பிரேக்கைப் பிடுங்கிவிடுகிறது. செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாறுமாறாக மாறுகின்றன.

இதுவும் புற்றுநோய் அல்ல. அதற்கு முந்தைய நிலை. அப்படியே விட்டாலும் சிலருக்கு இது தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு 15, 20 வருடம் கழித்துப் புற்றாக மாறும். ஹெச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஐந்து, பத்து வருடத்திலேயே மாறிவிடலாம். புகைபிடிப்பது, பல பிரசவங்கள், மிகச் சின்ன வயதில் தொடங்கும் தாம்பத்தியம் ஆகியவையும் அபாயத்தைக் கூட்டுகின்றன. பதினைந்து, பதினாறு வயதில் கல்யாணம் செய்து வைப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, பெண்ணின் உடம்புக்கும் செய்கிற கெடுதல்.

இதெல்லாம் புற்றுநோய் வகைகளின் கதை. 6, 11 என்ற வகைகள் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. ஆனால் பிறப்புறுப்பில் மருக்களைக் கிளப்பும். பார்க்கவே கூச்சமாக இருக்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. தோல் நோய் டாக்டரிடம் காட்டினால் மருந்து வைத்தோ, குளிர்வித்தோ, சுட்டோ எடுத்துவிடுவார்.

சரி, ஆண்கள்? உலகம் முழுவதும் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு வகை ஹெச்.பி.வி. இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அடையாளமும் இல்லை. சிலருக்கு மரு வரும். அபூர்வமாக ஆணுறுப்பு, ஆசனவாய், தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும். ஆக, வைரஸைச் சுமப்பதில் இருவருக்கும் பங்கு உண்டு. விலை கொடுப்பது மட்டும் பெரும்பாலும் பெண்!

"யார்கிட்ட இருந்து வந்தது?"

இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கவே கூடாத பகுதி இதுதான்.

டெஸ்ட் ரிசல்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வந்ததும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, "யார்கிட்ட இருந்து வந்தது?" மாமியார் பார்வை மாறும். கணவன் முகம் சுருங்கும். அல்லது மனைவி கணவனைச் சந்தேகப்படுவாள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் பரிசோதனைப் பக்கம் போவதில்லை.

அந்தக் கேள்விக்கு எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது. காரணம், இந்த வைரஸ் பல வருடங்கள் அடையாளமே காட்டாமல் உறங்கிக் கிடக்கும். 25 வயதில் நுழைந்தது, எதிர்ப்பு சக்தி கொஞ்சம் இறங்குகிற 45 வயதில் டெஸ்ட்டில் தலைகாட்டலாம். கல்யாணத்துக்கு முன்பு கணவருக்கு வந்ததாக இருக்கலாம். முதல் கணவரை இழந்து மறுமணம் செய்தவர்களுக்கு, அந்தப் பழைய வாழ்க்கையில் வந்ததாக இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் ஒரே ஒருவருடன் மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். ஆண்களுக்கு இதைக் கண்டுபிடிக்க வழக்கத்தில் எந்த டெஸ்ட்டும் கிடையாது. அதனால் "அவரையும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துடுவோம்" என்று பஞ்சாயத்து வைக்கவும் வழியில்லை.

ஆகவே, ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்பது ஒருத்தியின் நடத்தைக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட் அல்ல. அது புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை. "இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்" என்று உடம்பு கொடுக்கிற ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

திண்டுக்கல் பெண்கள் காட்டிய வழி

"கண்டுபிடித்தால் மட்டும் என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு, மதுரைக்குப் பக்கத்து மாவட்டமே பதில் சொல்லியிருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் அருகே உள்ள அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையமும், பிரான்சில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000-இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. டாக்டர் ஆர். சங்கரநாராயணன் இதற்குத் தலைமை ஏற்றார். மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, பாதியில் 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களுக்குப் பரிசோதனை. மறு பாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும்.

பெரிய மெஷின் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவினார். நம் சமையலறை வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். 31,343 பெண்கள் இந்தப் பரிசோதனைக்கு வந்தார்கள். சுமார் பத்தில் ஒருவருக்குத் திட்டு தெரிந்தது. மேற்கொண்டு பார்த்ததில் 1,874 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தது. அவர்களில் 72 சதவீதம் பேர் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள்.

2007-இல் முடிவு வெளிவந்தது. ஒரே ஒரு தடவை செய்த பரிசோதனையாலேயே, அந்தப் பகுதிகளில் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது! கணக்கில் பரிசோதனைக்கு வராத பெண்களும் சேர்த்தி. எல்லோரும் வந்திருந்தால், திட்டு தெரிந்த எல்லோரும் சிகிச்சையை முடித்திருந்தால், பலன் இன்னும் கூடியிருக்கும் அல்லவா?

பரிசோதனை பயமுறுத்துகிறதா?

"என்ன செய்வார்களோ" என்ற கூச்சம் இயல்புதான். படுக்க வைத்து, ஒரு கருவியால் பிறப்புறுப்பை லேசாக விரித்துப் பார்ப்பார்கள். பிரசவம் கண்ட பெண்களுக்கு இது ஒன்றுமே இல்லை. மொத்தம் ஐந்து நிமிடம். கொஞ்சம் அழுத்தம் இருக்கும்; வலி பெரிதாக இருக்காது. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போங்கள்.

மூன்று வகைப் பரிசோதனைகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன அமிலப் பரிசோதனை. இரண்டாவது, செல்களைத் தேய்த்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் 'பாப் ஸ்மியர்'. மூன்றாவது, வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.வி. டெஸ்ட். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வில், இந்த மூன்றாவது டெஸ்ட்டை ஒரே தடவை செய்ததிலேயே சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது 2009-இல் தெரிய வந்தது. அதனால் 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை இந்த டெஸ்ட் செய்துகொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும்.

தனியாரில் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அமிலப் பரிசோதனை இலவசம். 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் விரிந்த திட்டம் இது. வண்டியூர்க்காரர்கள் அருகிலுள்ள நகர்ப்புற சுகாதார நிலையத்தில் கேட்கலாம். அல்லது பஸ் ஏறினால் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

திட்டு இருந்தால், அந்த இடத்தைக் குளிர்வித்தோ சூடாக்கியோ அழித்துவிடுவார்கள். மயக்க மருந்து வேண்டாம். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சில வாரம் நீர் போலக் கசியும். நான்கு வாரமாவது தாம்பத்தியத்தைத் தள்ளிப் போட வேண்டும். டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி காட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறோம். வைரஸையே அழிக்கிற மாத்திரையோ லேகியமோ இன்று வரை கிடையாது. "ரகசிய நோய்களுக்கு நிரந்தரத் தீர்வு" என்று ஊர் ஊராக வந்து லாட்ஜில் ரூம் போடுகிறவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

மகளுக்கு ஓர் ஊசி

நமக்கு டெஸ்ட் என்றால், நம் மகளுக்குத் தடுப்பூசி. வைரஸ் உடம்பில் நுழைவதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயது சரியான காலம். ஆஸ்திரேலியா 2007-இலேயே பள்ளிச் சிறுமிகளுக்கு இதைப் போடத் தொடங்கியது. நம் நாட்டில் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவாக்' 2023 ஜனவரியில் அறிமுகமானது. 2025-26 பட்ஜெட்டில், 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. உங்கள் மகளின் பள்ளியிலும், சுகாதார நிலையத்திலும் விசாரித்து வையுங்கள்.

இதிலும் அம்பிளிக்கைக்குப் பங்கு உண்டு. 2009-இல் இந்தியாவில் பல இடங்களில் தொடங்கிய தடுப்பூசி ஆய்வில் அதுவும் ஒரு மையம். 2010-இல் அரசு ஆய்வுகளை நிறுத்தியதால், பல சிறுமிகளுக்கு ஒரே ஓர் ஊசியோடு நின்றுபோனது. ஆனால் பத்து வருடம் கண்காணித்ததில், ஒரே ஊசி போட்டவர்களுக்கும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைத்தது தெரிந்தது. இந்த வயதில் ஒரு டோஸே போதுமானதாக இருக்கலாம் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இதுவும் ஓர் ஆதாரம். உங்கள் மகளுக்கு எத்தனை டோஸ் என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

உங்கள் சந்தேகங்கள்

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து பதினைந்து வருஷமாச்சு. எனக்கும் டெஸ்ட் வேண்டுமா?"
வேண்டும். அந்த ஆபரேஷன் கருக் குழாயைத்தான் அடைக்கிறது. கர்ப்பப்பை வாய் அப்படியே இருக்கிறது.

"என் கணவர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. எனக்கு எதற்கு?"
வைரஸ் மெதுவாக வேலை செய்கிறது என்பதால், தனியாக வாழ்பவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வெள்ளைப்படுகிறது. புற்றுநோயா?"
வெள்ளைப்படுதலுக்குப் பல சாதாரணக் காரணங்கள் உண்டு. ஆனால் துர்நாற்றத்தோடு அல்லது ரத்தம் கலந்து வந்தாலும், தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் பட்டாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் உடனே லேடி டாக்டரைப் பாருங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

"தடுப்பூசி போட்டால் மகளுக்குப் பின்னால் டெஸ்ட்டே வேண்டாமா?"
வேண்டும். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை. 30 வயதில் அவளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

"சின்ன வயதில் இந்த ஊசியைப் போட்டால் பெண் தப்பு வழிக்குப் போய்விடுவாளே?"
மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ்-பி கூட உடலுறவு மூலம் பரவும். அதற்கான ஊசியைப் பிறந்த குழந்தைக்கே போடுகிறோம். யாராவது இப்படிக் கேட்கிறோமா?

கடைசியாக, வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி கூச்சத்தில் "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லத்தான் செய்வார். நல்லா இருக்கும்போது செய்வதற்குத்தான் இந்தப் பரிசோதனை. நீங்களே ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். ரிசல்ட் எப்படி வந்தாலும் "யார்கிட்ட இருந்து?" என்று கேட்காதீர்கள். "அடுத்து டாக்டரை எப்போ பார்க்கணும்?" என்று கேளுங்கள். உயிரைக் காப்பாற்றுகிற கேள்வி அதுதான்.